ஒற்றியூர் நீங்கலாக

1959 நவம்பர் 30 தேதியிட்ட ஒரு கடிதம். காத்மாண்டுவில் இருந்த அமெரிக்கத் தூதரகம் வாஷிங்டனுக்கு அனுப்பியது. இன்றைக்கும் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. நேபாளத்தில் யெட்டியைத் தேடிப் போகும் மலையேற்றக் குழுக்களுக்கு நேபாள அரசு விதித்திருக்கும் விதிமுறைகள் என்னென்ன என்று அது மேலிடத்துக்குச் சொல்கிறது. ஆமாம், யெட்டிதான். நாம் பனிமனிதன் என்று சொல்லும் அதே ஆள்.

மொத்தம் மூன்றே விதிகள். முதலாவது, தேடிப் போக அனுமதி வேண்டுமென்றால் 5,000 ரூபாய் கட்ட வேண்டும். இரண்டாவது, யெட்டியைக் கண்டால் படம் எடுக்கலாம், உயிரோடு பிடிக்கலாம்; தற்காப்புக்காக அன்றிச் சுடவோ கொல்லவோ கூடாது. எடுத்த படத்தையும் பிடிபட்ட உயிரையும் அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. யெட்டி உண்மையிலேயே இருக்கிறது என்று காட்டும் எந்தச் செய்தியையும் முதலில் அரசிடம் சொல்ல வேண்டும். அனுமதி இல்லாமல் பத்திரிகைக்காரர்களிடம் வாய் திறக்கக் கூடாது.

இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஓர் உயிருக்கு இவ்வளவு தெளிவாகச் சட்டம் எழுதியவர்களை நினைத்தால் சிரிப்பு வரும். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர்கள் ஒன்றும் அப்பாவிகள் இல்லை. 1921-இல் ஒரு பிரிட்டிஷ் எவரெஸ்ட் குழு பனியில் பெரிய காலடித் தடங்களைப் பார்த்தது. கல்கத்தாவில் இருந்த ஹென்றி நியூமன் என்ற பத்திரிகையாளர் சுமைதூக்கிகள் சொன்ன திபெத்தியப் பெயரை அரைகுறையாக மொழிபெயர்த்து, 'அருவருப்பான பனிமனிதன்' ஆக்கிவிட்டார். அந்த ஒரு தப்பான மொழிபெயர்ப்பு உலகம் முழுக்கச் சுற்றியது. 1951-இல் எரிக் ஷிப்டன் ஒரு காலடியைப் படம் எடுத்தார், அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு பனிக்கோடரியை வைத்து. 1954-இல் லண்டனின் டெய்லி மெயில் பத்திரிகையே ஆள் திரட்டி அனுப்பியது. பிறகு டாம் ஸ்லிக் என்ற டெக்சாஸ் எண்ணெய்ப் பணக்காரர் இறங்கினார். மலைக்கு மேலே பணமும் துப்பாக்கியும் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. யெட்டி இருந்தால் அதற்கு ஆபத்து. இல்லாவிட்டால் வழியில் தென்படும் கரடிக்கு ஆபத்து. விதிமுறை இரண்டுக்கும் உதவும்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1960-இல் எட்மண்ட் ஹிலாரி கும்ஜுங் கிராமத்து மடத்தில் இருந்த 'யெட்டித் தலையை' ஆய்வுக்காகக் கடன் வாங்கிப் போனார். ஊர்ப் பெரியவர் ஒருவர் அதற்குக் காவலாக வெளிநாட்டுக்கே கூடப் போனார். அது செரோ என்ற மலையாட்டு இனத்தின் தோலில் செய்தது என்று முடிவானது. 2017-இல் யெட்டியுடையவை என்று பல இடங்களில் பாதுகாக்கப்பட்ட ஒன்பது மாதிரிகளின் மரபணுவைப் பார்த்தார்கள். எட்டு கரடி, ஒன்று நாய். அதற்கு இரண்டு வருடம் கழித்து நம் ராணுவத்தின் ட்விட்டர் கணக்கு மகாலு மலையடிவாரத்தில் யெட்டியின் காலடியைக் கண்டதாகப் படம் போட்டதெல்லாம் தனிக் கதை.

தமிழில் இந்த யெட்டியை வைத்து ஒரு சிறுவர் நாவல் இருக்கிறது. ஜெயமோகனின் 'பனிமனிதன்'. 90களின் இறுதியில் தினமணியின் சிறுவர்மணியில் தொடராக வந்தது, நான் பின்னால் புத்தகமாகத்தான் படித்தேன். பாண்டியன் என்ற ராணுவ அதிகாரி, டாக்டர் திவாகர், கிம் என்ற பௌத்தச் சிறுவன் மூவரும் இமயத்தில் பனிமனிதனைத் தேடிப் போகிறார்கள். சாகசம், விபத்து, பனிப்பிளவு எல்லாம் உண்டு. ஆனால் நாவலின் கனம் வேறொரு இடத்தில் இருக்கிறது. தேடிப் போகிறவனுக்குத் தேடியது கிடைத்தே விட்டால்? ஊருக்குத் திரும்பி அதைச் சொல்லலாமா? சொன்னால் நாளைக்கு அங்கே யார் யார் வருவார்கள்? பத்து வயதுப் பிள்ளைகளிடம் வாராவாரம் இந்தக் கேள்வியைக் கொண்டுபோய் வைத்தது பெரிய விஷயம் என்று இப்போதும் நினைக்கிறேன். நம் சிறுவர் கதைகளில் பொதுவாகப் பூதத்தைப் பிடித்து சீசாவில் அடைப்பார்கள், இல்லையென்றால் வேலை வாங்குவார்கள். பூதத்தை அது இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு வருவது நமக்குப் புதுசு.

உலகம் முழுக்க இது இப்போது ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. 2006-இல் வந்த பிராண்டன் மல்லின் 'ஃபேபிள்ஹேவன்' கதையில் தாத்தாவின் பண்ணை, தேவதைகளுக்கும் ராட்சதர்களுக்குமான ரகசியச் சரணாலயமாக இருக்கும். 2023-இல் வந்த கேத்தரின் ரண்டெல்லின் 'இம்பாசிபிள் கிரீச்சர்ஸ்' நாவலில் யூனிகார்ன், டிராகன் எல்லாம் மிச்சமிருக்கும் ஒரு தீவுக்கூட்டம் உலகின் கண்ணுக்கு மறைந்து கிடக்கும். அதற்கு முந்தின வருடம்தான் ரண்டெல் அழிந்துகொண்டிருக்கும் நிஜ விலங்குகளைப் பற்றி 'தி கோல்டன் மோல்' என்ற புத்தகத்தை வெளியிட்டிருந்தார். ஆக இந்தக் கதைகளில் யூனிகார்ன் என்று படிக்கும் இடத்தில் எறும்புத்தின்னி என்று படித்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சட்டம் உண்டு. காப்பாற்ற வேண்டுமென்றால் மறைத்து வை. வழியைச் சொல்லாதே, வரைபடத்தை எரித்துவிடு. நேபாள அரசின் மூன்றாவது விதியும் இதேதான்.

இது வெறும் கதைச்சட்டமும் இல்லை. 1999-இல் தெற்குச் சீனாவில் ஒரு புதிய பல்லி இனத்தை விஞ்ஞானிகள் பெயரிட்டு, கண்ட இடத்தையும் ஆய்விதழில் எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு வளர்ப்புப் பிராணி வியாபாரிகள் போய் மொத்தமாக அள்ளிவிட்டார்கள். இனத்துக்குப் பெயர் கிடைத்த இடத்தில் இனம் இல்லை. அதன் பிறகு அரிய தவளையையோ ஆர்க்கிட்டையோ கண்டுபிடிக்கிறவர்கள் இடத்தைச் சொல்வதற்கு யோசிக்கிறார்கள். ரகசியம் வேலை செய்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் யாரிடமிருந்து காப்பாற்றுகிறோம் என்பதைப் பொறுத்து.

இங்கேதான் எனக்கு வடசென்னை குறுக்கே வருகிறது. நான் வளர்ந்தது திருவொற்றியூரில். எங்கள் ஊரிலும் ஒரு மறைந்திருக்கும் உயிர் உண்டு. தியாகராஜர் கோயிலில் மூலவர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவம். வருடம் முழுக்க மேலே கவசம் சார்த்தியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்றே நாள் கவசத்தைக் கழற்றுவார்கள், புனுகும் சாம்பிராணித் தைலமும் சார்த்துவார்கள். அந்த மூன்று நாளும் வரிசை தெருவுக்கு வந்துவிடும். வாசுகி என்ற நாகம் இங்கே வழிபட்டு இறைவனோடு ஒன்றிப்போனதாகக் கதை. அதனால் சாமிக்குப் படம்பக்கநாதர் என்று இன்னொரு பெயர். பக்கத்தில் பாம்பின் படம் இருப்பவர். ஒரு புராண உயிர், புற்றுக்குள், கவசத்துக்குள், மறைவாக. ஃபேபிள்ஹேவன்காரர் கேட்டால் சந்தோஷப்படுவார். ஆனால் கவனியுங்கள், இங்கே ரகசியம் என்று எதுவும் கிடையாது. எங்கே இருக்கிறது, என்றைக்குத் திறக்கும், எந்தப் பக்கம் வரிசை நிற்கும், எல்லாம் ஊருக்கே தெரியும். அந்தப் புற்றை யாரும் இடிக்கவில்லை என்றால், அது இருப்பது எல்லாருக்கும் தெரியும் என்பதும் ஒரு காரணம்.

அதே சாமிக்கு இன்னொரு பெயரும் உண்டு: எழுத்தறியும் பெருமான். அந்தக் காலத்தில் ஓர் அரசன் எல்லா ஊர்களுக்கும் பொதுவாக ஓலை எழுதச் சொன்னான். வரி விதிப்பு என்றும் சொல்வார்கள், கோயில்களுக்குப் போகும் படியைக் குறைக்கும் உத்தரவு என்றும் சொல்வார்கள். எழுதி முடித்துப் பார்த்தால் வரிகளுக்கு நடுவில் யாரும் எழுதாத இரண்டு சொற்கள் இருந்தன: 'ஒற்றியூர் நீங்கலாக'. சாமியே எழுதியது என்று தெரிந்து அரசன் அப்படியே விட்டுவிட்டான். பின்னாளில் மென்பொருள் வேலைக்கு வந்த பிறகு இந்தக் கதை எனக்கு வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது. யார் மாற்றினார், எப்போது மாற்றினார், எதை மாற்றினார் என்று ஒவ்வொரு வரிக்கும் பதிவு வைப்பதுதான் எங்கள் தொழிலின் பாதி. பதிவே இல்லாமல் ஒரு வரி மாறியிருந்தால் எங்களுக்குத் தூக்கம் போய்விடும். சாமி செய்ததால் அது திருவிளையாடல்.

திருவொற்றியூரிலிருந்து வடக்கே எர்ணாவூர் தாண்டிப் போனால் எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகம் அங்கே இருக்கிறது. முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படை வீதிக் குப்பம் என்று மீனவக் குப்பங்கள். இந்த ஆற்றை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, சாம்பல் குழாய், கன்டெய்னர் லாரி, துறைமுகம் என்று அதைச் சுற்றியிருப்பவற்றை வைத்துத்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். ஆற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது அங்கே இறங்குகிறவர்களுக்குத்தான் தெரியும். மடவை, கிழங்கான், கொடுவா, இறால், களி நண்டு. அலையாத்திச் செடிகள். சேற்றுக்குள் புழு. அந்தப் புழுவைத் தின்னத்தான் இறால் வருகிறது, இறாலைத் தின்னக் கொடுவா வருகிறது, எல்லாவற்றையும் தின்னக் கூழைக்கடா வருகிறது.

வலையில்லாமல், தூண்டிலில்லாமல், இடுப்பளவு தண்ணீரில் குனிந்து சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் இந்த நீர்ப்பரப்புகளில் உண்டு. பிடித்ததைப் போடும் பறியை வாயில் கடித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால். இறால் கண்ணுக்குத் தெரியாது. கைக்குத்தான் தெரியும். மறைந்திருக்கும் உயிர்களைக் கண்டுபிடிக்கும் வித்தை என்று கதைகளில் வருவதெல்லாம் எனக்கு இதற்கு அப்புறம்தான்.

இந்த மாதிரி இடங்களுக்கு 1991-இல் ஒரு சட்டப் பாதுகாப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. அலை ஏறி இறங்கும் நீர்நிலைகள், அலையாத்திக் காடுகள் எல்லாம் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் வந்தன. ஆனால் எது நீர்நிலை, எது இல்லை என்பதை மாநிலங்கள் வரைபடமாகப் போட்டுக் கொடுக்க வேண்டும். மாநிலங்கள் வருடக்கணக்கில் இழுத்தடித்தன. 1996 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகுதான் வரைபடங்கள் வந்தன. அந்த ஆண்டே தமிழ்நாட்டின் வரைபடத்துக்கும் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. அதில் எண்ணூர்க் கழிமுகம் இருந்தது. நீர்ப்பரப்பும் அதன் கிளைகளும் பாதுகாக்கப்பட்ட பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தன.

நடுவில் நடந்தவற்றை வடசென்னையில் இருப்பவர்கள் கண்ணால் பார்த்தார்கள். கழிமுகத்துக்கு வடக்கே 90களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001-இல் எண்ணூர்த் துறைமுகம். பின்னாளில் அது காமராஜர் துறைமுகம் ஆனது. செப்பாக்கத்துச் சாம்பல் குட்டைக்குப் போகும் குழாய்கள் ஒழுகி, சாம்பல் ஆற்றில் இறங்கியது. ஆள் மூழ்கும் ஆழம் இருந்த இடத்தில் இப்போது முழங்கால் அளவுதான் என்று மீனவர்கள் சொல்வார்கள். படகு தரைதட்டும்.

2017 இந்தக் கதையில் முக்கியமான வருடம். ஜனவரியில் 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' வந்தது. கபேர் வாசுகி எழுத்து, டி.எம். கிருஷ்ணா குரல். காட்சிகள் எண்ணூர் ஆற்றங்கரையிலேயே எடுக்கப்பட்டிருந்தன. அதே மாதம் 28-ஆம் தேதி துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. அந்தக் கறுப்புக் கூழை வாளியில் அள்ளிய படங்களை எல்லாரும் பார்த்திருப்போம். ஆனால் அந்த வருடம் நடந்ததிலேயே விசித்திரமான விஷயம் எந்தப் படத்திலும் இல்லை. அது ஒரு தாளில் இருந்தது.

கழிமுகத்தின் கடலோர வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார்கள். மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் ஒரு வரைபடம் கொடுத்தது. அதில் கழிமுகத்தின் பெரும்பகுதியைக் காணோம். 1996-இல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தை மத்திய அமைச்சகத்திடமிருந்து வாங்கிப் பார்த்தால், அதில் ஆறு இருக்கிறது. இரண்டும் ஒரே நிலம். சுமார் 6,500 ஏக்கர் நீர்ப்பரப்பும் ஈரநிலமும் தாளிலிருந்து காணாமல் போய்விட்டதாகச் சூழலியல் செயல்பாட்டாளர்கள் குற்றஞ்சாட்டினார்கள். தாளில் ஆறு இல்லையென்றால் அங்கே கட்டடம் கட்டத் தடையும் இல்லை. துறைமுகத்தைச் சார்ந்த தொழில்களுக்கு நிலம் தேவைப்பட்ட காலம் அது. அக்டோபரில் கமல்ஹாசன் நேரில் வந்து ஆற்றைப் பார்த்தார். தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். ஒரு ஆறு இருக்கிறது என்பதற்கு நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

எண்ணூர் நீங்கலாக. இந்த முறை எழுதியது சாமி இல்லை.

மறைந்த உயிர்களைக் காக்கும் கதைகளை இந்த இடத்திலிருந்து பார்க்கும்போது அவை தலைகீழாகத் தெரிகின்றன. அந்தக் கதைகளின் எதிரி பெரும்பாலும் சேகரிப்பவன். வேட்டைக்காரன், வியாபாரி, புகழுக்கு அலைகிற விஞ்ஞானி. அவனுக்கு அந்த உயிர் வேண்டும். டாம் ஸ்லிக்குக்கு யெட்டி வேண்டும். பல்லி வியாபாரிக்குப் பல்லி வேண்டும். அப்படிப்பட்டவனிடமிருந்து காக்க ரகசியம் போதும். எண்ணூருக்கு வந்தவர்களுக்கு இறாலோ நண்டோ கூழைக்கடாவோ வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது இடம். அங்கே எதுவும் இல்லை என்று ஆவதுதான் அவர்களுக்கு வசதி. அங்கே உயிர் இருக்கும் செய்தி வெளியே போகாதவரை அவர்களுக்குச் சிக்கல் இல்லை. ரகசியம் அவர்கள் பக்கம் நின்று வேலை செய்கிறது. நேபாளத்தின் மூன்றாவது விதியை எண்ணூரில் கொண்டுவந்து வைத்தால் மீனவனுக்கு எதிரான சட்டமாகிவிடும்.

பூட்டானைப் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். அந்த நாட்டின் கிழக்கில் சாக்தெங் என்ற சரணாலயம் 2003-இல் தொடங்கப்பட்டது. மிகோய் என்று உள்ளூர் மக்கள் சொல்லும் யெட்டியின் வாழிடமாகவும் அதைச் சொல்வார்கள். பனிச்சிறுத்தை, சிவப்புப் பாண்டா, அவற்றோடு மிகோய். நேபாளம் செய்தி வெளியே போகாமல் தடுத்தது. பூட்டான் எல்லை போட்டு, பெயர் வைத்து, வரைபடத்தில் ஏற்றியது. 2020-இல் ஓர் உலகச் சுற்றுச்சூழல் நிதிக் கூட்டத்தில் அந்தச் சரணாலயத்துக்கு உதவி கேட்டபோது, அது பிரச்சினைக்குரிய நிலம் என்று சீனா ஆட்சேபித்தது. பூட்டான் மறுத்தது. சரணாலயம் அதற்கு முன்பே ஆவணங்களில் இருந்தது பூட்டானுக்குக் கைகொடுத்திருக்கும். மிகோய் இருக்கிறதோ இல்லையோ, அதன் பேரில் வரைந்த கோடு இருக்கிறது.

என் பிள்ளை வயதுக்காரர்களுக்கு எண்ணூரை வைத்து ஒரு மாயாஜால நாவல் யாராவது எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. ஃபேன்டசி நாவல்களுக்கு முதல் பக்கத்தில் வரைபடம் போடுவது வழக்கம். இல்லாத மலைக்கும் இல்லாத கடலுக்கும் எவ்வளவு கவனமாகப் பெயர் எழுதுகிறார்கள்! இந்த நாவலுக்கும் அது வேண்டும், ஆனால் ஒரே ஒரு விதி: கோடு ஒவ்வொன்றும் நிஜமாக இருக்க வேண்டும். பக்கிங்காம் கால்வாய் எங்கே ஆற்றில் சேர்கிறது, எந்த மேட்டில் அலையாத்தி, எந்தப் பாட்டில் யாருக்குச் சொந்தமான வலை விழும். பாடு என்றால் மீன்பிடிக்கும் இடம், யாருக்கு என்றைக்கு முறை என்று ஊரே பேசி வைத்திருக்கும் ஏற்பாடு. ஒரு மந்திர உலகத்துக்குத் தேவையான எல்லா விதிமுறைகளும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. அதில் வரும் சிறுமி ரகசியம் காக்கக் கூடாது. ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டும். அவளுடைய மந்திரக்கோல் பத்து ரூபாய் தகவல் உரிமை மனு. நேபாளத்தில் யெட்டியைத் தேட 5,000 ரூபாய், இங்கே ஆற்றைத் தேட பத்து ரூபாய். நாம்தான் மலிவு.

வில்லனை எப்படி எழுதுவது என்பதில்தான் எனக்குக் குழப்பம். டிராகன் மாதிரி ஒற்றை ஆளாக அவன் இருக்க மாட்டான். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, மணலி சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்கு வந்தது. வீட்டுச் சுவரில், படகில், வலையில் எல்லாம் கறுப்புப் பட்டை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. மீனவர்கள் மறுபடியும் குவளையும் வாளியுமாக எண்ணெயை அள்ளினார்கள், ஆறு வருடத்துக்கு முன் கடலில் அள்ளிய அதே மாதிரி. அதே மாத இறுதியில் பெரியகுப்பத்துப் பக்கம் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ராத்திரியோடு ராத்திரியாக ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். மழை, குழாய், கால்வாய், கோப்பு, கையெழுத்து. இவற்றில் எதன் மீது கத்தியை வீசுவது?

எண்ணெய் பட்ட கூழைக்கடாக்களின் படம் அப்போது வந்தது. வெள்ளை வயிறும் இறக்கையும் பழுப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் ஒரு நிறத்தில் இருந்தன. வனத்துறையினர் அவற்றைப் பிடித்துக் கழுவிவிட முயன்றார்கள். பறக்கிற தெம்பு இருக்கும் பறவையைப் பிடிப்பது லேசான வேலை இல்லை, கிட்டே போனால் எழுந்து போய்விடும். எழுந்து போய் அவை திரும்பவும் அதே தண்ணீரில்தான் இறங்கின. மீன் அங்கேதான் இருந்தது.